மீக்கடத்தி வில்லையும் சூளைப் பக்குவமும்

இட்ரியம், பேரியம், தாமிரம், பிராணவாயு ஆகியவை சேர்ந்த பீங்கான் பொருளொன்று 93 கெல்வின் அளவிலேயே மின்தடையை இழக்கத் தொடங்குவது 1987ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வினே ஆதலின், மீக்கடத்தி கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கும் எட்டும் பொருளாயிற்று. குளிர்வித்த வில்லையின்மீது காந்தத்தை மிதக்கவிட்டு மாணவருக்குக் காட்டும் வழக்கமும் வந்தது.

காட்சி அழகியதே. ஆயினும், காந்தம் மிதந்தது கொண்டே வில்லை செவ்வனே அமைந்ததென முடிவு கட்டுதல் பொருந்தாது. மிதப்பதற்கு ஒவ்வொரு படிகமணிக்குள்ளும் சுழலும் மின்னோட்டமே போதும். கம்பிக்கோ அது போதாது. மின்னோட்டம் ஒரு மணியினின்று அடுத்த மணிக்குத் தாண்டிச் செல்லவேண்டும். அந்த எல்லையிலேதான் பெரும்பாலான வில்லைகள் தோற்கின்றன. சீரிய மென்படலம் 77 கெல்வினில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆம்பியரைத் தாங்கும். சாதாரணமாகச் சுட்ட வில்லை சில நூறு ஆம்பியர் முதல் ஏறக்குறைய ஆயிரம் வரைதான் தாங்கும். சேர்க்கை ஒன்றே, பக்குவம் வேறு.

சுமார் 950 பாகை சென்டிகிரேடில் சுடப்படும்போது வில்லை பிராணவாயுவில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. அப்படியே விரைந்து குளிர்வித்தால் கையில் மிஞ்சுவது வெறும் கருங்கல்லே. 400 முதல் 500 பாகை வரையில் பிராணவாயு ஓட்டத்தில் பல மணி நேரம் வைத்தால் இழந்ததை மீண்டும் ஏற்கும். இதிலும் ஓர் இக்கட்டு உண்டு: மின்னோட்டத்தை நாடி வில்லையை எவ்வளவு இறுகச் சுடுகிறோமோ, அவ்வளவு மெதுவாகவே வாயு உட்புகும். சிதையாது எஞ்சிய பேரியம் கார்பனேட்டும் மணிகளின் எல்லையில் தங்கி வழியை அடைக்கும்.

1988இல் பெல் ஆய்வுக்கூடத்தார் பொருளை உருக்கி, உஷ்ணச் சரிவில் மெல்ல உறையவைத்து, மணிகளை ஒரே திசையில் வளர்த்தனர். மின்னோட்ட அளவு சுமார் 17,000 ஆம்பியருக்கு உயர்ந்தது. காந்தப்புலத்திலும் அது சாதாரண வில்லையைப்போல் உடனே சரிந்துவிடவில்லை.

ஆகவே, மின்தடை மறையும் உஷ்ணநிலையை மட்டும் குறிப்பேட்டில் எழுதி நிறுத்துவது அரைகுறை வேலையேயாகும். குளிர்வித்த வேகம், வாயு ஓட்டம், வில்லையின் அடர்த்தி ஆகிய மூன்றும் இல்லாத குறிப்பைக்கொண்டு பிறிதோர் ஆய்வாளர் அதே வில்லையைச் செய்ய இயலாது. ஆசிரியர்களும் காந்தத்தை மிதக்கவிட்டதோடு அமையாது, நான்கு முனை இணைத்து, மின்னழுத்தம் தோன்றும்வரை மின்னோட்டத்தை உயர்த்திக் காட்டலாம். சோதனை முடிந்ததும் வில்லைமேல் படியும் பனியீரத்தைப் போக்கி, உலர்ந்த கொள்கலத்தில் மூடிவைத்தல் வேண்டும்; ஈரம் இப்பொருளை நாளடைவில் சிதைத்துவிடும்.