கால் சுற்றை அளக்க ஒரு கேமரா போதுமா?

2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் தீபா கர்மாகர் ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் பதக்கத்தைத் தவறவிட்டது வெறும் 0.15 புள்ளியில். இப்படிப் பொடிப் புள்ளியில் பதக்கம் கைமாறும் இன்னொரு விளையாட்டு, பனித்தரையில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்.

அந்தரத்தில் மூன்று சுற்று சுற்றி இறங்கும்போது, கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் அந்த ஜம்ப்பின் அடிப்படை மதிப்பில் 20 சதவிகிதம் போச்சு! அரைச் சுற்று குறைந்தால், இரண்டு சுற்று ஜம்ப்பாகவே கணக்கு. தொழில்நுட்பக் குழு ரீப்ளே பார்த்துத்தான் இதை முடிவு செய்கிறது. ஆனால், பல ஆண்டுகளாக அவர்களுக்குக் கிடைத்தது ஒரே கேமரா கோணம். ஒருவரின் குறை பளிச்செனத் தெரியும். வேறு மூலையில் இறங்கியவர் தப்பிவிடலாம்.

முடிச்சூர் தெரு கிரிக்கெட்டில்கூட ரன் அவுட் சண்டை வந்தால், 'கோட்டுக்கு நேரா நின்னவன் சொல்லட்டும்' என்போம். ஒலிம்பிக்கில் அந்த நியாயம்கூட வேண்டாமா?