சவரம் செய்தால் முகம் எரிகிறதா?

அவனியாபுரத்தில் ஒரு சின்ன சலூன். இரண்டே நாற்காலி. ஒரு பெரிய கண்ணாடி. மூலையில் அன்றைய பத்திரிகை.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைக்காரர் என் கழுத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, கழுத்தெல்லாம் தடிச்சுப் போய்க் கெடக்கு?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. விலை கூடிய சவரக் கிரீம் ஒன்றை வாங்கினேன். பெட்டியின் மேல் பனிமலைப் படம். "மென்மையான சருமத்துக்கு" என்று கொட்டை எழுத்து. முகத்தில் போட்டேன். முதலில் குளுகுளு என்று இருந்தது. பிறகு திகுதிகு என்று எரிந்தது. மறுநாள் கழுத்து முழுவதும் சிவப்புத் தடிப்பு. கல்யாணப் போட்டோவில் நான் மட்டும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறேன்!

கடைக்காரர் சிரித்தார். பிறகு, அலமாரியில் இருந்து புதிய கிரீம் டப்பா ஒன்றை எடுத்தார்.

"இதிலே என்னென்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் படிக்கத் தெரியாதவர் அல்ல. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சிறு வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. 1990-களில் அறிவொளி இயக்கம் வந்தது அல்லவா? அப்போது இரவு வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ எழுதப் பழகினார். இன்று பத்திரிகையை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படிக்கிறார்.

ஆனால், டப்பாவில் இருந்ததோ ஆங்கிலம். அதுவும் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து.

"முப்பத்தஞ்சு வருசமா முகத்தைத் தொட்டு வேலை பாக்குறேன். யாருக்கு எது ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியும். எந்த டப்பாவிலே எது இருக்குன்னுதான் தெரியலே" என்றார் அவர்.

அந்த ஒரு பேச்சுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஏன் எரிகிறது?

சவரம் என்பது முடியை மட்டும் எடுக்கும் வேலை அல்ல. பிளேடு போகும்போது, தோலின் மேல் ஏடும் கொஞ்சம் சேர்ந்தே போகிறது. அந்த இடத்தில் நாம் தடவுவது எல்லாம் உறைக்கும்.

நம் தோலின் மேற்பரப்பில் இலேசான புளிப்புத் தன்மை உண்டு. விஞ்ஞானிகள் இதை ஓர் அளவால் சொல்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. சுத்தமான தண்ணீர் அப்படி. அதற்குக் கீழே போனால் புளிப்பு. மேலே போனால் சுண்ணாம்பு போன்ற காரம். நல்ல தோலின் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை! தடித்த தோல் இதைத் தாங்கிக்கொள்ளும். மென்மையான தோல் தாங்காது.

சரி, சோப்பை விட்டுவிட்டுக் கிரீம் வாங்கினால் தப்பிக்கலாமா? அதுதான் இல்லை. சாதாரண சவரக் கிரீமும் சோப்புதான். தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்த சோப்பு! கொழுப்புச் சத்து, பொட்டாஷ் காரம், கிளிசரின் ஆகியவை சேர்ந்து அந்த நுரையைத் தருகின்றன. குளிக்கும் சோப்பின் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். சவர சோப்பின் நுரை நின்று, முடியை ஈரமாக வைத்திருக்கும். அதனால்தான், குளிக்கும் சோப்பை முகத்தில் தேய்த்துச் சவரம் செய்தால் பிளேடு இழுக்கிறது.

தண்ணீரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்தப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால், அது சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்கு ஆகிவிடும். நுரை வராது. "சோப்பு மட்டம்" என்று நாம் திட்டுகிறோம். பாவம், சோப்பு என்ன செய்யும்? சவரத்துக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

வாசனைதான் வம்பு

சோப்பாலும் கிரீமாலும் தோலில் ஒவ்வாமை வருவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று வாசனைச் சரக்கு. "வாசனை" என்று ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். உள்ளே பல சரக்குகள் கலந்திருக்கும். எது நமக்கு ஆகாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐரோப்பிய நாடுகளில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைச் சரக்குகள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், 2005 முதல் அவற்றைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று விதித்தார்கள். 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டிவிட்டார்கள்.

குளுகுளு என்று இருப்பதற்குப் புதினாச் சத்தான மெந்தால் சேர்ப்பதும் உண்டு. அது சிலருக்கு எரிச்சல் தரும். "இயற்கைப் பொருள்" என்று போட்டிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். சுண்ணாம்பும் இயற்கைதான். அதை முகத்தில் பூசுவோமா?

"மென்மையான சருமத்துக்கு" என்ற எழுத்தைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். அமெரிக்காவிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. "ஒவ்வாமை குறைவு" என்று எழுத வேண்டுமானால், சோதனை செய்து காட்ட வேண்டும் என்று 1975-ல் அந்த நாட்டு அரசு விதி செய்தது. இரண்டு கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1977-ல் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இன்று வரை அங்கே அந்தச் சொல்லுக்கு அரசு வகுத்த இலக்கணம் கிடையாது. அவ்வளவு பெரிய நாட்டிலேயே இப்படி என்றால், பெட்டியின் முன்பக்கத்தை நம்பி என்ன பயன்? பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

எப்படி வாங்குவது?

வாசனை சேர்க்காததாகப் பாருங்கள். சரக்குப் பட்டியல் எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு நல்லது. விலை கூடினால் தோலுக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை.

வாங்கியதும் முகத்தில் போடாதீர்கள். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு காசு அளவு தடவுங்கள். 5 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். காலையும் மாலையும் 7 முதல் 10 நாள் வரை இப்படிச் செய்யுங்கள். அரிப்போ சிவப்போ வரவில்லை என்றால் முகத்துக்குப் போகலாம்.

சவரத்துக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரால் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் ஊற வையுங்கள். முடி இளகும். முடி வளரும் பக்கமாகவே பிளேடை இழுங்கள். எதிர்ப்பக்கமாக வழித்தால் மழமழ என்றுதான் இருக்கும். ஆனால், சுருட்டை முடிக்காரர்களுக்கு முடி தோலுக்குள்ளேயே மடங்கி வளர்ந்து கொப்புளமாகும். ஒரு பிளேடை 5 முதல் 7 சவரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

சலூனில் புது பிளேடு கேட்பது உங்கள் உரிமை. கூச்சம் வேண்டாம். ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போட்டால், மஞ்சள் காமாலைக் கிருமிகள் இரத்தத்தின் வழியாகப் பரவலாம். பலர் முகத்தில் தேய்த்த படிகாரக் கட்டியும் வேண்டாம்.

தடிப்பு அடங்கவில்லையா? மருந்துக் கடையில் கேட்டு, கிடைத்த களிம்பைப் பூசாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் நாள்பட்டுத் தோல் மெலிந்துவிடும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே போய்க் காட்டுங்கள்.

டப்பா தமிழ் பேசட்டும்

"பின்பக்கத்தைப் பாருங்கள்" என்று எழுதிவிட்டேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் எதைப் பார்ப்பார்?

விளம்பரம் தமிழில் வருகிறது. பாட்டுத் தமிழில் வருகிறது. நடிகர் தமிழில் பேசிச் சிரிக்கிறார். காசு வாங்கும் வரை தமிழ் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும்போது மட்டும் தமிழ் மறந்து போகிறது!

சட்டம் தடுக்கிறதா? இல்லை. அழகுப் பொருள்களில் சேர்ந்த சரக்குகளை அச்சிட வேண்டும் என்று 2020-ம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. பொட்டலங்களின் மேல் எடை, விலை போன்ற விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கூடவே வேறு மொழியைச் சேர்க்கத் தடை இல்லை என்றும் அதே விதி சொல்கிறது. தமிழுக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது. நுழையத்தான் ஆள் இல்லை.

"இரசாயனப் பெயர்களுக்குத் தமிழ் எங்கே?" என்று சிலர் கேட்கலாம். மொழிபெயர்க்க வேண்டாம். அந்தப் பெயரையே தமிழ் எழுத்தில் போடுங்கள். "இடம் போதாது" என்பார்கள். பனிமலைப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் இடம் கிடைக்கும். அதுவும் முடியாதா? "வாசனை சேர்த்தது", "வாசனை சேர்க்காதது" என்று இரண்டு சொல்லையாவது தமிழில் போடுங்கள்.

வயது வந்த பிறகு கஷ்டப்பட்டு எழுத்துப் படித்தவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். பஸ் பலகையைப் படிக்கிறார்கள். பத்திரிகை படிக்கிறார்கள். தன் முகத்தில் பூசும் பொருளைப் படிக்க முடியவில்லை என்றால், அவர்களை மறுபடியும் கைநாட்டு ஆக்குகிறோம் என்றுதானே அர்த்தம்?

படித்தவன் என்று நானும் பெருமைப்பட முடியாது. எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும், படத்தைப் பார்த்துத்தானே வாங்கினேன்!

அன்று சலூனில் இருந்த ஐந்து டப்பாக்களையும் படித்துச் சொன்னேன். பெரியவர் பழைய காலண்டர் தாளைக் கிழித்தார். பென்சிலால் எழுதினார். நான்கு டப்பாவில் "வாசனை உண்டு" என்று ஒட்டினார். ஒன்றில் "வாசனை இல்லை" என்று ஒட்டினார். அந்த ஒன்றை எடுத்துத்தான் என் முகத்துக்கு நுரை போட்டார். எரியவில்லை.

ஒரு பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் செய்த வேலை அது. அச்சு இயந்திரம் வைத்திருக்கும் கம்பெனிகளால் இதைச் செய்ய முடியாதா?