வலி தணிந்தால் மட்டும் போதுமா?

முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் ஸ்டீராய்டு ஆற்றும் பணியை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோனைச் செலுத்தினார். நடமாட இயலாதிருந்த அவர் சில நாள்களிலேயே நடந்தார். இன்றும் வீக்கத்தை விரைந்து அடக்க இம்மருந்து தேவைப்படுகிறது. எனினும், வலி தணிந்ததையே முழு வெற்றியாகக் கருதும் வழக்கம் மாற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஸ்டீராய்டு, தசையிலுள்ள புரதத்தைச் சிதைப்பதோடு புதிய புரதம் உருவாவதையும் குறைக்கிறது. நோயின் அழற்சியும் அசைவின்மையும் அதனோடு சேரும்போது தொடையும் இடுப்பும் முதலில் மெலிகின்றன. இம்மெலிவு பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே எவரும் முறையிடுவதுமில்லை. தரையிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருப்பதும், பேருந்துப் படி உயரமாகத் தோன்றுவதும், தலைவாரக் கை தூக்கச் சிரமப்படுவதுமே அறிகுறிகள். இவற்றை நோய் முற்றியதாக எண்ணி, பழைய சீட்டைக் காட்டி மாத்திரையைக் கூட்டிக்கொள்வோர் உண்டு. அது மெலிவை மேலும் வளர்க்கும்.

உணவிலும் ஒரு முரண் உள்ளது. நாட்டிற்கே முட்டை அனுப்பும் நாமக்கல் மண்ணில், மூட்டு நோயாளிக்கு 'வாயு' என்று பருப்பையும், 'சூடு' என்று முட்டையையும் விலக்கி, ஜவ்வரிசிக் கஞ்சியைப் பத்தியமாகக் கொடுக்கிறோம். சேலத்து ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. அதில் தசைக்குரிய புரதம் மிகக் குறைவு. முதியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 முதல் 60 கிராம். ஒரு முட்டை தருவது ஏறத்தாழ 6 கிராம். முட்டை உண்ணாதோருக்குப் பருப்பு, கொள்ளு, நிலக்கடலை, பால், தயிர் உள்ளன. சிறுநீரகப் பாதிப்பு உடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்ட பின்னரே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

“வலிப்பவரை நடக்கச் சொல்வதா?” என்று குடும்பத்தார் கேட்பது அன்பினால்தான். வீங்கிச் சூடேறிய மூட்டுக்குச் சில நாள் ஓய்வு சரியே. மாதக்கணக்கில் படுக்கை சரியன்று. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் நாள் முழுதும் நிற்பதும் பயிற்சியாகிவிடாது. நாற்காலியில் அமர்ந்து எழுதல், கால் நீட்டித் தூக்குதல் என எதிர்ப்புத் தரும் பயிற்சிகளே தசையை வளர்க்கும். அவற்றை இயன்முறை மருத்துவரிடம் கற்றுச் செய்தல் நலம்.

மருத்துவர்களிடம் நாங்கள் வேண்டுவதும் ஒன்றுண்டு. வீக்கத்தையும் இரத்தப் பரிசோதனையையும் பார்ப்பதுபோல், ஒவ்வொரு வருகையிலும் தசைவலிமையையும் அளந்து குறிக்க வேண்டும். கைகளைக் குறுக்கே கட்டி, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் செய்தாலே போதும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய நெறிமுறைப்படி, தசை நலிவை ஆராய வேண்டும். காரணம் மருந்தா, நோயா என்று பிரித்தறிவது மருத்துவரின் பணி.

இதைப் படித்து எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைக்க வழியுண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; அவர் சொல்லும் வரை மாத்திரை தொடரட்டும். தட்டில் பருப்பும் முட்டையும் சேர்வதற்கும், கால்கள் நாள்தோறும் உழைப்பதற்கும் தயக்கம் வேண்டாம்.