வீட்டுக்குள் நுழைய 3,500 வெள்ளி



பினாங்கில் வாடகை ஏறுவதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் போருக்கு முந்திய கடைவீடுகளைக் காத்து நின்ற வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு போனது; 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளப் பட்டமும் வந்து சேர்ந்தது. கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தவர்கள் போய், தங்கும் விடுதிகள் வந்தன. மலிவாக வேண்டுமென்றால் பாலம் தாண்டி பட்டர்வொர்த் போங்கள் என்பது சுலபம். காலை நெரிசலில் பாலத்தில் நிற்பவரைக் கேளுங்கள்.

வாடகையைவிட முன்பணம்தான் கழுத்தை நெரிக்கிறது. வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத வைப்புத்தொகை, முதல் மாத வாடகை, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதம். ஆயிரம் வெள்ளி அடுக்குமாடி வீட்டுக்கு 3,500 வெள்ளி! இந்தச் சுமை குறைய, மாநில அரசு மலிவு வீடுகளில் ஒரு பங்கை விற்காமல் வாடகைக்கே ஒதுக்கட்டும்.

வாசகர்,
ஆயர் ஈத்தாம்