இரைச்சல்தான் பெர்ஃபாமன்ஸா மாப்ளே?

புதுக்கோட்டையில ஸ்போர்ட்ஸ் கார்னா என்ன? யாரோட சித்தப்பாவோ செகண்ட் ஹேண்டில் வாங்கின போலோ ஜிடிதான். (ஃபெராரி எல்லாம் வால்பேப்பரோட சரி :-)) அதுக்கு டயர் தேஞ்சதும் நம்ம பசங்க உபதேசம் ஆரம்பிக்குது: "அகலமாப் போடு, பெர்ஃபாமன்ஸ் டயராப் போடு. கிரிப் வேணும்னா சத்தத்தைப் பொறுத்துக்கணும் மாப்ளே." இந்தக் கடைசி வரியைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை.

சத்தம் எங்கேர்ந்து வருது? டயர் பட்டன்கள் வரிசையா ரோட்டை அடிக்குது. பட்டனுக்கு நடுவுல மாட்டுற காத்து நசுங்கிப் பீச்சிக்கிட்டு வெளிய வருது. டயருக்குள்ள அடைபட்ட காத்து 200 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஊங்னு முனகுது. பட்டனைச் சின்னதும் பெரிசுமா மாத்தி மாத்தி வெட்டினா ஒரே சுருதியில ஊளை வராது. உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டின டயர்கூட விக்கறாங்க. ஈரத்துல பிடிக்கறதுக்கு சிலிகா கலந்த ரப்பர் உதவுது. அதுக்காக டயர் கத்தணும்னு ஒண்ணும் இல்ல. கிரிப்புக்கும் இரைச்சலுக்கும் யாரும் முடிச்சுப் போட்டு வைக்கலை.

இன்னொண்ணு, இந்த அகல மோகம். 185/60 ஆர்15 வந்த வண்டிக்கு 205 போடறாங்க. ஐப்பசி, கார்த்திகையில கீரனூர் தாண்டித் தண்ணி நிக்கிற ரோட்ல போனா, அகலமான டயர்தான் முதல்ல தண்ணிமேல மிதக்கும். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் ஜல்லி துருத்திக்கிட்டு இருக்கற ரோட்ல சத்தமும் கூடும். சைடு உயரம் குறைஞ்ச டயரா இருந்தா ஒரு பள்ளம் போதும், பக்கவாட்டுல கொழுக்கட்டை மாதிரி வீங்கிடும். காஞ்ச ரோட்ல கார்னர் அடிக்கறதுக்கு இங்க ரேஸ் டிராக் இல்லை சாமி, அது இருங்காட்டுக்கோட்டையில இருக்கு!

சரி, எது சத்தம் குறைவுன்னு எப்படித் தெரியும்? இங்கதான் எனக்குக் கோபம். 2022 ஜூன்ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கை போட்டு டயருக்கு மூணு பரீட்சை வச்சது. உருளும்போது எவ்வளவு இழுவை, ஈரத்துல எவ்வளவு பிடிப்பு, எவ்வளவு சத்தம். புது டிசைனுக்கு 2022 அக்டோபர்லயும் பழைய டிசைனுக்கு 2023லயும் அமலுக்கு வந்தது. ஆக, எண் கம்பெனிக்காரர்கிட்ட இருக்கு. ஆனா நான் ஏறின ஒரு கடையிலயும் அதைக் காட்டலை. ஐரோப்பாவுல 2012லேர்ந்தே டெசிபல் அளவை லேபிள்ல போட்டாகணும். இங்கேர்ந்து கப்பல் ஏறிப்போற டயருக்கும் அதே சட்டம்தான். திருவொற்றியூர், ஒரகடம்னு டயர் ஊத்துற மாநிலம் நம்மளது. அவனுக்கு லேபிள், நமக்கு "நல்லா ஓடும் தம்பி"யா?

"அது வண்டிக்கு வெளிய அளந்த சத்தம்தானே, உள்ள உக்காந்திருக்கறவனுக்கு என்ன?"ன்னு ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. இஞ்சினை அணைச்சு, வழுவழு ரோட்ல, 80 கி.மீ. வேகத்துல உருளவிட்டு, 7.5 மீட்டர் தள்ளி மைக் வச்சு எடுக்கறதுதான் அது. நம்ம ஜல்லி ரோட்ல உள்ளே கேக்கறது வேற மாதிரி இருக்கும். ஆனா ரெண்டு டயரை ஒப்பிட ஒரே அளவுகோல் அதுதான். 3 டெசிபல் கூடினா ஒலி ஆற்றல் ரெண்டு மடங்கு. அதோட, ரோட்டோர வீட்ல தூங்கறவனும் மனுஷன்தானே.

காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி, சத்தம் நிஜமாவே டயரோடதான்னு பாருங்க. பட்டன் மேல கையை முன்னும் பின்னும் தடவினா ஒரு பக்கம் ரம்பம் மாதிரி கீறுதா? அலைன்மென்ட் கோளாறா இருக்கலாம். சரிபண்ணாம புது டயர் போட்டா அதுவும் அப்படியே தேயும். வளைவுல திரும்பும்போது ஊளை கூடிக் குறையுதா? வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்க.

அப்புறம் கடைக்குப் போங்க. வண்டி கதவோரம் ஒட்டியிருக்கற அளவையே கேளுங்க. பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்கத்தைப் படிங்க, 2324னா 2024ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. கடைசியா ஈரப்பிடிப்பும் டெசிபலும் எவ்வளவுன்னு கேளுங்க. "இதெல்லாம் யாரு தம்பி கேக்கறா?"ம்பார். "நான் கேக்கறேண்ணே, கம்பெனிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க"ன்னு அங்கேயே ஸ்டூலைப் போட்டு உக்காருங்க.