கைபேசிக்கும் ஒரு பாயிரம் வேண்டும்

உலகத்திலே தோன்றும் நூல்கள் முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படும் என்று பவணந்தி முனிவர் தமது நன்னூலிலே வகுத்தார். முன்னோர் கண்ட முடிபைத் தழுவிக்கொண்டு, தம் காலத்துக்கு வேண்டிய வேறுபாடுகளையும் கூட்டிப் பின்னோர் செய்வது வழிநூல். அதனை இழிந்ததென்று தமிழ்ச் சான்றோர் எவரும் ஒதுக்கினாரல்லர். நன்னூல்தானும் தொல்காப்பியத்தின் வழிவந்த நூலேயன்றோ? அந்நன்னூலுக்குச் சங்கரநமச்சிவாயர் செய்த விருத்தியுரையைச் சிவஞான முனிவர் திருத்தி விளக்கியபோது, அவ்வுரை பின்னும் சிறந்ததேயன்றிக் குறைந்துவிடவில்லை. ஆனால், இவ்விடத்தில் ஒரு நியதி உண்டு. நூல் எதன் வழிவந்தது என்பதைப் பாயிரத்திலே சொல்லிவிடல் வேண்டும். வழி கூறாத பாயிரம் நிறைந்த பாயிரம் ஆகாது.

இந்நியதியைக் கைபேசி வணிகத்தோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். "பண்டிதருக்குக் கைபேசிக் கடையில் என்ன அலுவல்?" என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். 2020 ஆம் ஆண்டு பங்குனியிலே நோய்த்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. அன்று தொடங்கிக் கைபேசியும் பாடநூல்களின் வரிசையிலே வந்து சேர்ந்துவிட்டது. பயிற்சித்தாள் வருவதும் அதில். விடை திருத்திப் போவதும் அதில். கொலன்னாவையிலே நாட்கூலிக்குப் போகின்றவர்களும் கடைச் சிப்பந்திகளும் தம் பிள்ளைகளின் படிப்புக்காகக் கைபேசி வாங்கப் புறப்படும்போது, "ஐயா, எதை வாங்கலாம்?" என்று ஆசிரியரையே கேட்கின்றார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கைபேசி, அந்த ஒரு கைபேசிக்கு மூன்று பிள்ளைகள் என்ற நிலையிலே, அவர்கள் கேட்கும் கேள்வி சிறிய கேள்வியன்று. இரண்டு மூன்று மாதச் சேமிப்பு அதிலே அடங்கியிருக்கிறது.

பழைய உடலும் புதிய உயிரும்

பெருநிறுவனங்கள் மலிவு விலைக் கைபேசிகளைச் செய்யும்போது, சில ஆண்டுகளுக்கு முன் தாமே விற்ற விலையுயர்ந்த கைபேசியின் வடிவத்தை மீண்டும் எடுத்துக்கொள்கின்றன. இதற்குத் தெளிவான உதாரணம் அமெரிக்க அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் எஸ்.ஈ என்பது. 2016 ஆம் ஆண்டு பங்குனியில் அது வெளிவந்தது. அதன் உடல், 2013 இல் வந்த ஐபோன் 5எஸ்ஸின் உடல். அதே நான்கங்குலத் திரை. உள்ளே வைத்த சில்லோ, அப்போது அந்நிறுவனத்தின் தலைமைக் கருவியாக விளங்கிய ஐபோன் 6எஸ்ஸில் இருந்த ஏ9 என்னும் சில்லு. ஐபோன் 6எஸ்ஸின் தொடக்க விலை அமெரிக்காவிலே 649 டொலர், எஸ்.ஈயின் விலை 399 டொலர்.

2020 ஆம் ஆண்டு சித்திரையிலே இரண்டாவது எஸ்.ஈ வந்தது. 2017 ஆம் ஆண்டின் ஐபோன் 8 இதற்கு உடலை ஈந்தது. 2019 ஆம் ஆண்டின் ஐபோன் 11 சில்லை ஈந்தது. 2022 இல் அதே உடலுக்குள் ஏ15 என்னும் சில்லை வைத்து மூன்றாவது எஸ்.ஈயை வெளியிட்டார்கள். 2025 ஆம் ஆண்டு மாசியிலே அவ்வரிசையை நிறுத்தி, 2022 இல் வந்த ஐபோன் 14ஐ ஒத்த உடலும் ஏ18 என்னும் புதிய சில்லும் கொண்ட ஐபோன் 16ஈயை அறிமுகஞ் செய்தார்கள்.

இவற்றை வழிநூல் என்று சொல்வதில் தடையில்லை. முன்னோன் முடிபும் இருக்கிறது. பின்னோன் வேறுபாடும் இருக்கிறது. அவ்வேறுபாடு வெறும் அலங்காரமன்று என்பதற்கு ஒரு சான்று காட்டுகின்றேன். ஐபோன் 5எஸ்ஸுக்கு மென்பொருளின் பன்னிரண்டாம் பதிப்போடு புதிய பதிப்பு நின்றுவிட்டது. அதே உடலையுடைய முதலாவது எஸ்.ஈக்குப் பதினைந்தாம் பதிப்புவரை கிடைத்தது. ஐபோன் 8க்குப் பதினாறாம் பதிப்பே இறுதி. அதன் உடலைச் சுமந்த 2020 ஆம் ஆண்டு எஸ்.ஈக்கு, 2025 இல் வந்த பதிப்பும் கிடைத்தது. ஆகவே, கைபேசியின் வயதை அதன் மேனி கொண்டு அளக்கலாகாது. உள்ளிருக்கும் சில்லையும் அதற்கு வரும் மென்பொருளையும் கொண்டே அளக்க வேண்டும்.

நன்மை யாருக்கு?

பழைய வடிவத்தை மீண்டும் எடுப்பதனால் உற்பத்தியாளருக்கு வரும் இலாபம் வெளிப்படை. ஒரு புதிய உடலுக்கு அச்சுகளும், அலுமினியத்தைக் கடையும் பொறிகளின் ஒழுங்குகளும், சோதனைக் கருவிகளும் புதிதாக அமைத்தல் வேண்டும். பழைய உடலுக்கு அவையெல்லாம் முன்னமே அமைந்துள்ளன. செலவும் பெரும்பாலும் மீண்டுவிட்டது. தொழிலாளரின் கையும் பழகியிருக்கிறது. கழிவாகப் போகும் பாகங்களும் குறைகின்றன.

பழகிய கை என்பது சிறிய பொருளன்று. இந்தியாவிலே முதன்முதலிற் பொருத்தப்பட்ட ஐபோன், 2017 இல் பெங்களூரிலே விஸ்ட்ரன் நிறுவனத்தார் பொருத்திய எஸ்.ஈயேயாகும், அதாவது, பழைய உடலையுடைய கைபேசி. தமிழகத்துத் திருப்பெரும்புதூரிலே, 2006 இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 இல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதே ஊரிலே பொக்ஸ்கொன் நிறுவனத்தார் 2019 இல் ஐபோன் எக்ஸ்ஆரைப் பொருத்தத் தொடங்கினர். அது முந்திய ஆண்டு வெளிவந்த கருவி. 2022 இல் ஐபோன் 14 உலகச் சந்தைக்கு வந்த சில வாரங்களுக்குள் அங்கும் பொருத்தப்பட்டது. பழைய வடிவத்திலே கைபழகியவர்கள் புதிய வடிவத்துக்கு ஏறிய படிமுறை இது. அரிச்சுவடி படித்தவனே நிகண்டுக்குப் போகலாம்.

வாங்குவோனுக்கும் நன்மையுண்டு. 2020 ஆம் ஆண்டு எஸ்.ஈயைப் பிரித்துப் பார்த்த வல்லுநர்கள், ஐபோன் 8இன் திரையும் கமராவும் அதற்குப் பொருந்துவதைக் கண்டார்கள். பற்றரி மாத்திரம் இணைப்பு வேறுபட்டமையால் பொருந்தவில்லை. திரை உடைந்தால், உதிரிப்பாகம் தேடிக் கடல்கடந்து எழுத வேண்டியதில்லை என்பது இதன் பொருள். மொரிஸ் மைனர் கார்களைப் பல பத்தாண்டுகளாக ஓடவைத்துக் காட்டிய இந்நாட்டுத் திருத்துநருக்கு, பாகம் பொருந்துமானால் வேறென்ன வேண்டும்?

எனினும், பழைய வடிவத்தைப் புகழ்வதற்கும் ஓர் எல்லையுண்டு. மொரிஸ் ஒக்ஸ்போட்டின் வழிவந்த இந்திய அம்பாசடர் கார் 1958 முதல் 2014 வரை பெரிய மாற்றமின்றி விற்கப்பட்டது. போட்டி அரிதாயிருந்த காலத்திலே வேறுபாடு கூட்ட வேண்டிய அவசியம் எழவில்லை. போட்டி வந்தபோது அது நின்று பிடிக்கவில்லை. வேறுபாடு கூட்டாத வழிநூல் வெறும் படியேயாகிவிடும்.

கூறியது கூறல்

நூலுக்குரிய குற்றங்கள் பத்தென்று எண்ணிய நன்னூலார், அவற்றுள் ஒன்றாகக் கூறியது கூறலையும் வைத்தார். கைபேசிச் சந்தையிலும் அக்குற்றம் மலிந்துள்ளது. 2021 இல் ரெட்மி நோட் 10 ப்ரோ என்னும் கைபேசி ஸ்னாப்டிராகன் 732ஜி என்னும் சில்லோடு வந்தது. 2023 இல் ரெட்மி நோட் 12 ப்ரோவின் நான்காந் தலைமுறை வலையமைப்புக்குரிய வகை வந்தபோது, அதற்குள்ளும் அதே 732ஜி சில்லே இருந்தது. எண் மாத்திரம் பத்திலிருந்து பன்னிரண்டுக்கு ஏறியது. சீனத்திலே 2019 இறுதியில் ரெட்மி கே30 என்று விற்ற கைபேசி, 2020 தொடக்கத்திலே இந்தியாவில் போக்கோ எக்ஸ்2 என்னும் பெயரோடு இறங்கியது. இவை சட்டத்துக்கு மாறானவை என்று நான் சொல்லவில்லை. பொருள் தரமற்றது என்றும் சொல்லவில்லை. எண் ஏறினால் பொருளும் ஏறியிருக்கும் என்று நம்பும் எளியவனுக்கு, ஏறியது எண் மாத்திரமே என்று சொல்வார் இல்லையே என்பதுதான் என் குறை.

என்னிடம் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தியின் தாய், கொழும்புக் கடையொன்றிலே "புது மொடல்" என்று சொல்லிக் கொடுத்த கைபேசியை வாங்கி வந்தார். பெட்டி புதிது, முத்திரை புதிது. ஓராண்டு சென்றதும், வங்கிச் செயலி அக்கருவியிலே திறக்க மறுத்துவிட்டது. மென்பொருள் பழையதென்று காரணம் காட்டியது. கடைக்குச் சென்று கேட்டபோது, "இதற்கு இனிப் புதிய பதிப்பு வராது, அம்மா" என்று பதில் கிடைத்தது. வாங்கிய அன்றே இவ்விடை அக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அந்தத் தாய்க்குத் தெரிவிக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை என்பதே இன்றைய நிலை.

விலை என்னும் துலாக்கோல்

பழைய வடிவம் மலிவைத் தரும் என்னும் நம்பிக்கையையும் துலாக்கோலில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஐபோன் எஸ்.ஈயின் தொடக்க விலை 2016 இலும் 2020 இலும் 399 டொலர்; 2022 இல் 429 டொலர். அதன் இடத்துக்கு வந்த 16ஈயின் விலை 599 டொலர். அச்சின் செலவு மீண்டுவிட்டதென்றால், மீண்ட பணத்திலே வாங்குவோனுக்குரிய பங்கு எவ்வளவு என்று கேட்பது நியாயமே.

நமக்கோ டொலரின் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. 2020 சித்திரையிலே ஒரு டொலர் ஏறத்தாழ 190 ரூபா. நாடு கடன் தீர்க்க இயலாது நின்ற 2022 இல் அது 360 ரூபாவையும் தாண்டியது. 2025 இல் ஏறத்தாழ 300 ரூபாவில் நின்றது. அக்கணக்கின்படி, 2020 இல் 75,000 ரூபாவளவில் நின்ற அமெரிக்க விலை, 2025 இல் 180,000 ரூபாவளவுக்கு வந்துவிட்டது. வரியும் வணிகர் இலாபமும் இதற்கு மேலே. 2024 தை முதல் கைபேசிகளும் 18 வீதப் பெறுமதிசேர் வரிக்குட்பட்டன. இந்நிலையிலே நம்மவர்கள் மேலும் கீழே இறங்கி, பெயரும் எண்ணும் மாத்திரம் மாறிய கருவிகளிடமே செல்ல நேர்கிறது. பணம் குறைந்தவனுக்கே பாயிரம் அதிகம் வேண்டும். அவனுக்கே அது கிடைப்பதில்லை.

மீதொட்டமுல்லை தரும் பாடம்

எறிந்த பொருள் எங்கே போகிறது என்பதைக் கொலன்னாவை வாசிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2017 ஆம் ஆண்டு சித்திரை 14 ஆந் தேதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லையிலே கொழும்பின் குப்பைமேடு சரிந்து வீழ்ந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், வீடுகள் புதைந்தன. அம்மேட்டிலே குவிந்தது பெரும்பாலும் அம்மக்கள் எறிந்த குப்பையன்று. நகரம் எறிந்த குப்பை. எறிந்தவனிடம் குப்பை திரும்பி வருவதில்லை. இடமற்றவன் வாசலிலேயே அது போய்க் குவிகிறது.

உலகத்திலே 2022 இல் மாத்திரம் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு உண்டானது என்றும், அதிலே 22.3 வீதமே முறையாகச் சேர்த்து மீள்சுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கூறுகிறது. பழைய வடிவத்தை மீண்டும் எடுத்தலும், பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துதலும் இக்கழிவைக் குறைக்கவல்லன. ஆனால், உடல் திடமாயிருக்க, மென்பொருள் நின்றதனால் மாத்திரம் ஒரு கருவி வீசப்படுமாயின், அந்நன்மை முழுவதும் வீணே. பழைய சில்லைப் புதுப் பெட்டியில் இட்டு விற்பது, அரை ஆயுள் கழிந்த கருவிக்கு முழு ஆயுளின் விலையைப் பெறுவதாகும். மற்றை அரை ஆயுளுக்குரிய குப்பையோ முன்னதாகவே வந்துவிடுகிறது.

வேண்டுவன

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தார் 2025 ஆம் ஆண்டு ஆனி 20 ஆந் தேதி முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியுள்ளனர். ஒரு வகைக் கைபேசியின் விற்பனை முடிந்த பின்னரும் ஐந்து ஆண்டுகள் மென்பொருட் பதிப்பு வழங்கல் வேண்டும். முக்கிய உதிரிப்பாகங்கள் ஏழாண்டுகள் கிடைத்தல் வேண்டும். பற்றரி 800 முறை மின்னேற்றிய பின்னரும் தன் கொள்ளளவில் 80 வீதத்தை உடையதாயிருத்தல் வேண்டும். சாம்சுங் நிறுவனத்தார் 2024 இல் வெளியிட்ட கலக்ஸி ஏ16இன் ஐந்தாந் தலைமுறை வகைக்கு ஆறாண்டு மென்பொருள் ஆதரவை அறிவித்தனர். மலிவு விலைக் கைபேசிக்கும் நீண்ட ஆயுள் இயலும் என்பதற்கு இதுவே சான்று.

நமது நாடு கைபேசிகளை வாங்கும் நாடு. ஐரோப்பாவைப் போல நிபந்தனை விதிக்கும் பெருஞ்சந்தையன்று. ஆயினும், உண்மையைச் சொல் என்று கேட்பதற்குப் பெருஞ்சந்தை வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை நம்மிடம் உண்டு. பெட்டியின்மேல் நான்கு வரிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுமாறு அது இறக்குமதியாளரைப் பணிக்கலாம். இக்கருவியின் உடல் எவ்வாண்டின் எக்கருவியின் வழிவந்தது? உள்ளிருக்கும் சில்லு எவ்வாண்டினது? மென்பொருட் பதிப்பு எவ்வாண்டுவரை வரும்? திரையும் பற்றரியும் இந்நாட்டில் எத்துணை ஆண்டு கிடைக்கும்? இவையே அந்நான்கு வரிகள். இவ்விடைகள் உற்பத்தியாளரிடம் உள்ளவையே; அச்சிட்டால் அவருக்குப் பெருஞ்செலவும் வாராது.

அதுவரை, வாங்குவோர் இக்கேள்விகளைக் கடையிலே தாமே கேட்டல் வேண்டும். வெள்ளவத்தையிலாயினும் புறக்கோட்டையிலாயினும், விடை கூறாத கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்லும் துணிவு வேண்டும். கருவியின் அடையாள எண் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிலே பதிவானதா என்பதையும் பணம் கொடுக்குமுன் பார்த்துக்கொள்ளல் நன்று. ஆசிரியர்களாகிய நாமும், பெற்றோர் வந்து கேட்கும்போது, "எனக்கு அது தெரியாது" என்று ஒதுங்கிவிடாது இந்நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் தகும்.

பழையதென்பதனாலே ஒன்று தாழ்ந்துவிடாது. புதியதென்பதனாலே உயர்ந்துவிடவும் மாட்டாது. பழையதைப் பழையதென்று சொல்லி, அதற்குத் தக்க விலைக்கு விற்பவன் நல்ல வணிகன். அவனிடம் வாங்குவதில் ஏழைக்கு இழுக்கில்லை, ஊருக்கும் நன்மையுண்டு. வழியை மறைத்து விற்பவனோ, பொருளோடு சேர்த்துப் பொய்யையும் நிறுத்து விற்கின்றான். அப்பொய்யின் விலையை அறியாமற் கொடுப்பவர்கள், பிள்ளையின் படிப்புக்கென்று முடிச்சிட்டு வைத்த பணத்தை அவிழ்ப்பவர்களே. அவர்களுக்காகவேனும் கைபேசிப் பெட்டிக்கு ஒரு பாயிரம் எழுதப்படல் வேண்டும்.