செருப்புக்கு முன் நாற்காலி

கொட்டிவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கடைகளைக் காலையில் பார்த்தவர்கள் இரவில் மறுபடி பார்க்கட்டும். பில் போடும் பெண், துணி எடுத்துக் காட்டும் பையன், வாசல் காவலாளி எல்லோரும் அப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். நம் ஊர்ச் சேரிகளிலிருந்து பிழைக்கப் போன பிள்ளைகள் பலருக்குக் கிடைப்பது இந்த வேலைதான்.

நாள் முழுக்க நிற்பவர்களுக்கென்று இப்போது 'ஸ்மார்ட் செருப்பு' பேசப்படுகிறது. பாதத்தின் அழுத்தத்தைச் சென்சார் அளக்கும். எந்தக் காலில் எடை விழுகிறது, எவ்வளவு நேரம் நின்றோம் என்று செல்போனில் காட்டும். நல்ல பொருள்தான். செருப்பு காலைக் காக்கும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்கு மென்மையான ரப்பர் செருப்பை உருவாக்கியதில் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. கொட்டிவாக்கத்துக்கு அருகே அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், சர்க்கரை நோயாளிகளுக்கான காலணிகளில் வேலை செய்திருக்கிறது.

ஆனால் நிற்பவரின் நோய்க்குச் செருப்பு பாதி மருந்துகூட இல்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி வீக்கம் வரும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். இடையிடையே உட்கார வேண்டும், நடக்க வேண்டும்.

அதற்குச் சட்டம் இருக்கிறது. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' அமைப்பில் திரண்ட கடைப் பெண்கள் போராட, 2018-ல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை கட்டாயம் என்றது. நாற்காலி போட்ட கடைகளிலும் 'வாடிக்கையாளர் முன்னால் உட்காராதே' என்ற பார்வை போய்விட்டதா? முதலாளி முன் உட்காரக் கூடாது என்ற ஊர்ப் பழக்கம்தான் இது; கடையில் அதற்கு 'மரியாதை' என்று பெயர்.

செருப்பின் கதையும் நமக்குத் தெரியும். திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் ஒரு தெருவில் தலித் மக்கள் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில்தான் செய்தியானது. செருப்பணிவதைத் தடுப்பது வன்கொடுமைச் சட்டப்படி குற்றம்.

ஸ்மார்ட் செருப்பை முதலாளியே வாங்கித் தந்தால் அந்தக் கணக்கு யார் செல்போனுக்குப் போகும் என்பதையும் கேட்க வேண்டும். பத்து மணி நேரம் நிற்க வைத்ததற்குச் சாட்சியாகலாம். கழிப்பறைக்குப் போன நிமிடங்களை எண்ணவும் உதவலாம்.

சென்னைக் கடையில் வேலை பார்க்கும் பிள்ளை ஊருக்கு வந்தால், உட்கார இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், 22-ஏ பிரிவைக் குறிப்பிட்டுத் தொழிலாளர் துறைக்கு மனு எழுத, படிக்கும் தம்பி தங்கைகள் உதவலாம்.